தேர்ச்சி பெறாதது குழந்தையா, பள்ளியா?

புதுதில்லி: ஐந்தாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ தேர்ச்சி பெறாத குழந்தையை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாமா? நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் இருந்தும், இக்கேள்விக்கான விடை மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது.

2009-ல் நாடாளுமன்றம் இயற்றி, 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, தொடக்கக் கல்வியை முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தவோ, பள்ளியிலிருந்து நீக்கவோ கூடாது என்றது. தோல்வி, ஏழைக் குழந்தையைப் பள்ளியைவிட்டே துரத்திவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணம்.

ஆனால், அப்பிரிவு தனித்து நிற்பதல்ல. தொடர் மதிப்பீடு வேண்டும் என்கிறது 29-வது பிரிவு. 60 மாணவர் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கும் இரு ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது அட்டவணை. பல அரசுப் பள்ளிகளில் இவை ஏட்டளவில் நிற்க, "தேர்ச்சி நிறுத்தம் இல்லை" என்பது மட்டுமே முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

விளைவு தெரிந்ததே. கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயலவில்லை என்று 2018-ம் ஆண்டின் 'அசர்' ஆய்வு கூறியது. அதற்கு முன்பே, ஹரியாணா கல்வி அமைச்சராக இருந்த கீதா புக்கல் தலைமையிலான குழு, தேர்ச்சி முறையைப் படிப்படியாக மீண்டும் கொண்டுவரப் பரிந்துரைத்திருந்தது. மாநிலங்கள் பலவும் அதையே வலியுறுத்தின.

பிரகாஷ் ஜாவடேகர் அமைச்சராக இருந்தபோது கொண்டுவரப்பட்ட திருத்த மசோதாவுக்கு 2019 ஜனவரி 3-ல் மாநிலங்களவை ஒப்புதல் அளித்தது. இதன்படி 5, 8-ம் வகுப்புகளில் தேர்வு நடத்தப்படும். தோல்வியுற்றவருக்குக் கூடுதல் பயிற்சி அளித்து, இரு மாதங்களுக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால் நிறுத்தி வைப்பதா என்பதை அந்தந்த அரசு முடிவு செய்யலாம். பள்ளியிலிருந்து நீக்குவதற்கான தடை மட்டும் தொடர்கிறது.

2024 டிசம்பரில் மத்திய அரசு தனது விதிகளைத் திருத்தியது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளில் நிறுத்தி வைக்கும் முறை வந்தது. அதற்குள் 16 மாநிலங்களும் தில்லி உள்பட 2 யூனியன் பிரதேசங்களும் இம்முறைக்கு மாறியிருந்தன. 5, 8-ம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என 2019-ல் அறிவித்த தமிழகம், கடும் எதிர்ப்பால் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. மத்திய விதிகள் மாறியபோதும், பழைய நிலையே தொடரும் என்றது.

படிக்காமலே வகுப்பு ஏறுவது குழந்தைக்கு நன்மையல்ல என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், ஓராண்டு முழுவதும் கற்பிக்க இயலாத ஓராசிரியர் பள்ளி, இரு மாதங்களில் எதைக் கற்பித்துவிடும்? தேறாத குழந்தைக்கு என்ன என்று திருத்தம் சொல்கிறது. கற்பிக்கத் தவறிய பள்ளிக்கும், ஆசிரியரை நியமிக்கத் தவறிய அரசுக்கும் என்ன என்று அது சொல்லவில்லை.

உரிமை குழந்தைக்கு, கடமை அரசுக்கு என்று எழுதப்பட்ட சட்டம் இது. தோல்வியை மட்டும் குழந்தையின் கணக்கில் எழுதுவது முறையாகுமா?