அக்கி: எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் காத்திருக்கக் கூடாது

தோலோடு நிற்பதில்லை

சின்னம்மை ஆறிய பிறகும் அதன் வைரஸ் உடலைவிட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும் அதை அடக்கி வைத்திருப்பவை டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள். கீமோதெரபி எடுப்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்கள், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள், முடக்குவாதத்துக்காக நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது; உறங்கிய வைரஸ் விழித்து அக்கியாக வெளிப்படுகிறது. பிறருக்கு உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாக வந்து ஆறிப்போகும் அக்கி, இவர்களுக்கு உடம்பெங்கும் பரவலாம். நுரையீரல், கல்லீரல், மூளை வரை எட்டி உயிரையே பறிக்கலாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் தோன்றினால் பார்வைக்கு ஆபத்து. சிலருக்குக் கொப்புளம் தெரியும் முன்பே கடும் வயிற்றுவலி வந்து, வேறு நோயோ என்று திசைதிருப்பிவிடும்.

காவி பூசி ஆறியதா?

‘காவி பூசி அக்கி எழுதினால் சரியாகிவிடும், எத்தனையோ பேருக்கு ஆகியிருக்கிறதே’ என்பார்கள். ஆகியிருப்பது உண்மைதான். ஆனால், எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவருக்கு எதுவும் பூசாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் அக்கி ஆறிவிடும். அந்தப் பெருமை காவிக்கு உரியதல்ல. எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கு அதே காத்திருப்பு கேடாகிறது. அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்ற மருந்துகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. அந்தக் கெடு தாண்டிவிட்டதே என்று இவர்கள் சும்மா இருந்துவிடவும் கூடாது. புதுக் கொப்புளங்கள் வந்துகொண்டிருக்கும்வரை மருந்து தேவை. நோய் பரவியிருந்தால் மாத்திரை போதாது, மருத்துவமனையில் சேர்ந்து ரத்தக் குழாய் வழியாக ஏற்றிக்கொள்ள வேண்டும்.

தடுப்பூசி மீதான பயம்

பலவீனமான உடம்புக்குத் தடுப்பூசி ஆகாது என்ற அச்சத்துக்குக் காரணம் உண்டு. பழைய அக்கித் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இருந்ததால் அது இவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஷிங்ரிக்ஸ் என்ற புதிய தடுப்பூசியில் வைரஸின் ஒரு புரதம் மட்டுமே இருக்கிறது; அதனால் அக்கியை உண்டாக்க முடியாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த 18 வயது கடந்தவர்களுக்கும் 2021இல் அங்கு அனுமதி கிடைத்தது. இவர்களிடம் அதன் பலன் சற்றுக் குறைவுதான். தங்கள் சொந்த ஸ்டெம் செல்லையே மாற்றிப் பெற்றவர்களிடம் நடந்த ஆய்வில் சுமார் 68 சதவீதப் பாதுகாப்பே கிடைத்தது. ஆனால் இவ்வளவு ஆபத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிய லாபம். இரண்டு தவணை, விலையும் கூடுதல் என்பது நியாயமான குறை. அரசு மருத்துவமனைகளில் இந்த நோயாளிகளுக்காவது இதை இலவசமாகத் தர வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சிகிச்சையைத் தொடங்கவிருப்பவர்கள், அதற்கு முன்பே இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.