சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பவர்கள்

“விடுமுறையில் பகுதிநேர வேலை வேண்டுமா? வீட்டிலிருந்தபடியே நாளுக்கு 200 வெள்ளி சம்பாதிக்கலாம். அனுபவம் தேவையில்லை. கீழுள்ள இணைப்பை அழுத்துங்கள்.”

இத்தகைய செய்தி ஒரு நாள் உங்கள் கைப்பேசிக்கும் வரலாம்.

இணைப்பை அழுத்தியவரை மோசடிக்காரர்கள் வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். காணொளிக்கு விருப்பக்குறி இடுதல், உணவகத்தைப் பாராட்டிக் கருத்து எழுதுதல் போன்ற எளிய பணிகளைக் கொடுப்பார்கள். பணி முடிந்ததும் 5 அல்லது 10 வெள்ளி உண்மையாகவே வங்கிக் கணக்கிற்கு வந்து சேரும். குழுவில் உள்ள மற்றவர்களும் தங்கள் வருமானத்தைப் படம்பிடித்துக் காட்டுவார்கள். அவர்களும் மோசடிக் கும்பலைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம்.

சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்பது இதுதான். முதலில் கிடைத்த பணமே நம்பிக்கையை விதைக்கிறது. அதன்பின், “கூடுதல் வருமானத்திற்கு முன்பணம் செலுத்துங்கள்” என்பார்கள். செலுத்திய தொகை திரையில் பெருகிக்கொண்டே போகும். அதை எடுக்க முயன்றால், கட்டணம், வரி என்று மேலும் பணம் கேட்பார்கள். இழந்ததை மீட்கும் ஆசையில் ஏமாந்தவர் மீண்டும் மீண்டும் பணம் செலுத்துவார்.

“என்னிடம்தான் பணமே இல்லையே!” என்று நீங்கள் நினைக்கலாம். உங்களிடம் வங்கிக் கணக்கு இருக்கிறது அல்லவா? சில கும்பல்கள் அதையே வாடகைக்குக் கேட்கின்றன. பிறரிடம் பறித்த பணம் அக்கணக்கின் வழியாகக் கைமாறும். கணக்கையோ சிங்பாஸ் விவரங்களையோ அவர்களிடம் கொடுப்பவரும் சட்டத்தின் முன் குற்றவாளியாக நிற்க நேரிடும்.

2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மோசடிகளால் மக்கள் இழந்த தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. இதற்குப் பலியாகாமல் இருக்க என்ன செய்யலாம்?

முன்பின் தெரியாதவர் அனுப்பும் இணைப்பை அழுத்தாதீர்கள். நிறுவனத்தின் அதிகாரத்துவ இணையத்தளத்தை நீங்களே தேடி, அந்த வேலை உள்ளதா என்று பாருங்கள். சந்தேகம் எழுந்தால் ஸ்கேம்ஷீல்டு செயலியில் சரிபாருங்கள். அல்லது 1799 என்ற எண்ணை அழையுங்கள். பணத்தை அனுப்பிவிட்டால், உடனே வங்கிக்குத் தெரிவித்துக் காவல்துறையில் புகார் செய்யுங்கள்.

ஏமாந்ததை வெளியில் சொல்லப் பலர் வெட்கப்படுகின்றனர். அந்த மௌனம் மோசடிக்காரருக்கே உதவுகிறது. எனவே, பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ தயங்காமல் கூறுங்கள். உழைத்தவருக்கு ஊதியம் கொடுப்பவரே முதலாளி. வேலை தருவதாகக் கூறி உங்களிடம் பணம் கேட்பவர் முதலாளி அல்லர்.