சிறையில் முதுமை முந்துவதேன்?

55 வயதான ஒருவரைக் கிழவர் என்று நீங்கள் சொல்வீர்களா? சொல்லமாட்டீர்கள். ஆனால் அமெரிக்கச் சிறைகள் பலவற்றில், 50 அல்லது 55 வயதிலேயே ஒரு கைதி முதியோர் கணக்கில் சேர்க்கப்பட்டுவிடுகிறார். இது ஏன்?

வறுமை, குடி, கவனிக்காமல் விட்ட நோய்கள் ஆகியவற்றுடன்தான் பலர் சிறைக்குள் நுழைகின்றனர். இது ஒரு காரணம். மற்றொன்று சிறையின் அமைப்பிலேயே இருக்கிறது.

வெளியுலகில் ஒரு முதியவரின் திறனை அறிய மருத்துவர்கள் என்ன கேட்பார்கள்? தாமே குளிக்கிறாரா, உடுத்துகிறாரா, உண்கிறாரா என்று கேட்பார்கள். சிறையில் இந்தக் கேள்விகள் போதா. கலிபோர்னியாவில் 55 வயதும் அதற்கு மேலும் ஆன பெண் கைதிகளைப் பற்றி 2006இல் வெளியான ஓர் ஆய்வு, வேறு வகைக் கேள்விகளைக் கேட்டது. அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் ஏறி இறங்க முடிகிறதா? தலைகளை எண்ணி முடிக்கும்வரை நிற்க முடிகிறதா? உணவுக்கூடம்வரை நடக்க முடிகிறதா? அபாய ஒலி எழுந்ததும் தரையில் படுக்க முடிகிறதா? காவலரின் கட்டளை காதில் விழுகிறதா? வீட்டில் இருக்கும் 60 வயதுப் பாட்டிக்கு இவற்றுள் எதுவும் தேவையில்லை. ஆகவே அவர் நலமாகவே தோன்றுவார்!

செவியை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்போம். நம் உட்செவியில் நத்தை ஓடு போன்ற சுருள் ஒன்று உள்ளது. அதிலுள்ள நுண்ணிய மயிரணுக்களே ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. அழிந்த மயிரணு மீண்டும் முளைப்பதில்லை. வயதாகும்போது, உயர்ந்த அதிர்வெண்ணை உணரும் அணுக்களே முதலில் கெடுகின்றன. அதனால் குரல் கேட்கும், சொல் புரியாது. 'கல்' என்றால் 'பல்' என்று கேட்கும். இரும்புக் கதவும் சிமெண்டுச் சுவரும் எதிரொலிக்கும் இடத்தில் இது இன்னும் மோசம். கட்டளை புரியாமல் நிற்பவர், காவலர் கண்ணுக்குக் கீழ்ப்படியாதவராகவே தெரிவார். அதற்குத் தண்டனையும் கிடைக்கலாம். காதின் குறை நடத்தைக் குறையாகப் பதிவாகிறது; இது நியாயமா?

மறதி நோய் வந்தவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. விதிகளும் மறந்துபோகும்; தம் அறை எதுவென்றும் தெரியாது.

இத்தகையோர் பெருகுவதில் வியப்பில்லை. அமெரிக்கக் கைதிகளில் 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 1991இல் 100க்கு ஏறக்குறைய 3 பேர். 2021இல் ஏறக்குறைய 15 பேர். 1980களிலிருந்து நீண்டுகொண்டே போன தண்டனைகளே இதற்கு முக்கியக் காரணம்.

கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரருகே உள்ள ஆடவர் சிறையில் 2009இல் ஒரு முறையைத் தொடங்கினர். நன்னடத்தையுள்ள கைதிகளுக்கு மறதி நோய் பற்றிப் பயிற்சி அளித்தனர். மற்றக் கைதிகளுக்கு நீல உடை. இவர்களுக்கு மஞ்சள் மேலுடை. இவர்களுள் கொலைக் குற்றத்துக்காக நெடுங்காலத் தண்டனை பெற்றவர்களும் உண்டு. நோயாளியைக் குளிப்பாட்டுவதும், மருத்துவரிடம் அழைத்துப் போவதும், மற்றக் கைதிகள் அவரை ஏய்க்காமல் பார்த்துக்கொள்வதும் இந்த மஞ்சள் உடைக்காரர்களின் வேலை.