தித்திப்பின் பக்குவம்

நம் சம்பிரதாயப்படி விருந்துக்கு இலை போட்டவுடன், அன்னத்துக்கும் முந்தி, ஒரு துளி பாயசமோ சிறு கரண்டி இனிப்புப் பச்சடியோ இலையின் ஓரத்தில் விழுகிறது. அதன் பின் பருப்பும் கறியும் கூட்டும் சாதமும் வந்து வயிறு ஏறக்குறைய நிறைந்த பிறகே பாயசம் முழு அளவில் பந்திக்கு வருகிறது. இந்த ஒழுங்கை வகுத்தவர்கள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை அளந்து பார்த்தவர்கள் அல்லர். ஆயினும், காய்கறியையும் பருப்பையும் முதலில் உண்டு இனிப்பைக் கடைசியில் உண்பவருக்கு, வெறும் வயிற்றில் அதை உண்பவரைக் காட்டிலும் சர்க்கரை மெதுவாகவே ஏறுகிறதென்று இக்கால வைத்திய சாஸ்திரமும் சொல்லக் கேட்கும்போது மனத்துக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. நார்ச்சத்தும் புரதமும் கொழுப்பும் முன்னே சென்று இரைப்பையில் தங்கியிருப்பதால், பின்னே வரும் சர்க்கரை ஒரேயடியாகக் குடலுக்குள் பாய வழியின்றிச் சிறிது சிறிதாக இறங்குகிறது, விஷயம் அவ்வளவுதான்.

இனிப்பால் தீங்கே இல்லையென்று நான் வாதிக்க வரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடெங்கும் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நம் தேசத்தில் நீரிழிவு உடையவர்கள் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர் என்றும், அந்நோய் வரக்கூடிய நிலையில் இருப்பவர்கள் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் என்றும் கணித்திருக்கிறது. தீட்டிய அரிசியும் உழைப்பற்ற வாழ்க்கையும் பரம்பரையும் இதற்குக் காரணங்களாக இருப்பினும், இந்தக் கணக்கைக் கண்ட பிறகு சர்க்கரை டப்பாவை யாரும் பழையபடி கவலையின்றித் திறக்க முடியாது. கவலை வந்தவர்கள் முதலில் செய்யும் காரியம், பண்டிகையன்று பாயசம் வரும்போது இலையைக் கையால் மறைத்து “எனக்கு வேண்டாம்” என்று சொல்வது. ஆனால் அதே மனிதர் காலையில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையோடு காப்பி, பதினோரு மணிக்கு அவ்வாறே ஒரு தேநீர், மாலையில் மறுபடியும் ஒரு காப்பி என்று அருந்தி, 6 தேக்கரண்டிச் சர்க்கரையை, அதாவது சுமார் 25 கிராமை, அன்றாடம் தம்மையறியாமலே உட்கொள்கிறார். நாள் ஒன்றுக்கு 2000 கலோரி உண்பவர் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கூறிய யோசனை. அந்த 25 கிராமும் டம்ளரிலேயே தீர்ந்துபோகிறது. பிள்ளைகள் குடிக்கும் கோலா பானமோ 330 மில்லிலிட்டர் டப்பா ஒன்றிலேயே சுமார் 35 கிராம் சர்க்கரையை வைத்திருக்கிறது.

ஆகவே என் அபிப்பிராயம் இது: இனிப்பென்று நாம் கருதாமலே விழுங்குகிற தினசரிச் சர்க்கரையைக் குறைத்தால்தான், இனிப்பென்று அறிந்து ஆசையோடு உண்கிற பண்டத்துக்கு வாழ்க்கையில் இடம் கிடைக்கும். காப்பியில் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தினால் நாக்கு கலகம் செய்யும். இரண்டு வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வந்தால், சில மாதங்களில் பழைய காப்பியே பாகைப்போல் திகட்டத் தொடங்கும். ருசி என்பது பெரும்பாலும் பழக்கமாதலால் இது யாருக்கும் கைகூடும்.

வெல்லமும் கருப்பட்டியும் தேனும் இருக்கின்றனவே, அவற்றுக்கு மாறிவிட்டால் அளவைப்பற்றிக் கவலை வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் சுமார் 400 கலோரி இருந்தால் அதே எடை வெல்லத்தில் சுமார் 380 இருக்கிறது. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் அதே சர்க்கரைதான். சிறிதளவு இரும்பும் பிற தாதுக்களும் கூடுதலாக உண்டென்பது உண்மையாயினும், அவற்றுக்காக வெல்லத்தை அள்ளி உண்பது விவேகமாகாது. தேனும் இந்தக் கணக்குக்கு உட்பட்டதே. உடன்குடிக் கருப்பட்டியின் மெய்யான சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது: அதன் மணமும் புகைபடிந்த சுவையும் வெள்ளைச் சர்க்கரைக்கு இல்லாத கனம் உடையவையாதலால், சிறிது போட்டாலே பதார்த்தம் முழுவதும் பரவி நாவை நிறைக்கின்றன, குறைவாகப் போட முடிகிறது என்பதே லாபம். செயற்கை இனிப்பூட்டிகளைப்பற்றிச் சொல்வதானால், உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாமென்று அதே உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவுறுத்தியிருக்கிறது. அவற்றால் நாக்கின் தித்திப்பு மோகமும் தணிவதில்லை.

குறைந்த இனிப்பை நிறைந்த இனிப்பாகத் தோன்றச் செய்யும் வித்தை நம் சமையலறைகளில் பரம்பரையாக வந்துகொண்டுதான் இருக்கிறது. பாசிப்பருப்புப் பாயசத்தையே எடுத்துக்கொள்வோம். பருப்பைச் சிவக்க, வாசனை வீடு முழுவதும் எழும் வரையில் வறுத்துக் குழைய வேகவைத்த பிறகே வெல்லத்தைச் சேர்க்க வேண்டும். முன்னமே சேர்த்தால் பருப்பு வேகாமல் விறைத்து நிற்கும். பருப்பு ஒரு பங்குக்கு வெல்லம் ஒன்றரைப் பங்கோ இரண்டு பங்கோ போடுகிற வீடுகள் உண்டு. வறுவல் சரியாக அமைந்து, தேங்காய்ப்பாலும் திறமாக இருந்தால், ஒரு பங்கே போதுமானது. தேங்காய்ப்பாலுக்குத் தனக்கென்று ஒரு மெல்லிய இனிப்பு இருக்கிறது. ஏலக்காயும் சுக்கும் ஒரு கடுகளவு பச்சைக் கற்பூரமும் நாசியின் வழியாக நாவை ஏமாற்றாமலே இனிப்பை உயர்த்துகின்றன; ஒரு சிட்டிகை உப்பும் அவ்வாறே. பசும்பால் விட்டுச் செய்வதானால், பாலும் வெல்லப்பாகும் ஆறிய பின் கலக்காவிடில் பால் திரிந்துவிடும். பரிமாறும்போதோ வெதுவெதுப்பாகப் பரிமாற வேண்டும், ஏனெனில் குளிர்ச்சி நாவின் இனிப்புணர்ச்சியை மந்தப்படுத்துகிறது. ஐஸ்கிரீமில் அத்தனை சர்க்கரை போட வேண்டியிருப்பதும், உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதும் அதனால்தான்.

இன்னொரு வகை பட்சணங்கள் தம் துணையாலேயே நன்மை பெறுகின்றன. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் வெல்லப்பாகு கடலையைக் கட்டி நிறுத்துவதற்கே வருகிறது. எள்ளுருண்டையில் எள்ளின் சுண்ணாம்புச் சத்தும் நல்லெண்ணெயும் இனிப்போடு சேர்ந்தே வயிற்றுக்குப் போகின்றன. இவற்றுள் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாக்குவது பொருவிளங்காய் உருண்டை. வறுத்த அரிசியும் பயறும் திரித்த மாவில் சுக்கும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து, முற்றிய வெல்லப்பாகை ஊற்றிச் சூட்டோடு பிடிக்கும் அந்த உருண்டை, பல்லுக்கு எளிதில் இடங்கொடாத கடினம் உடையது. தட்டி உடைத்து, ஒரு துண்டை வாயில் அடக்கி, அது கரைவதற்குக் காத்திருந்து தின்னவேண்டும். ஜாமூனையும் ஜாங்கிரியையும் பேச்சோடு பேச்சாக நான்கைந்து விழுங்கிவிடலாம். பொருவிளங்காயை அப்படி விழுங்குவது மனித சாத்தியம் அன்று. நிதானத்தைப் பண்டத்தின் உள்ளேயே வைத்துப் பிடித்த பாட்டிமாரின் கைத்திறனை இளந்தலைமுறைப் பெண்களும் ஆண்களும் கற்றுக்கொண்டால் மிக நல்லது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா இதற்கு நேர்மாறாக மிருதுவானது. ஆயினும் பாலை நெடுநேரம் சுண்டக் காய்ச்சியதனால் வந்த செறிவு அதற்கு இருப்பதால், ஒரு சிறு கரண்டியே மனத்தை நிறைக்கும்.

உண்ணும் காலத்தைப்பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்வீடன் தேசத்தில் விப்பேஹோல்ம் என்ற மனநலக் காப்பகத்தில் 1940-களில், சம்மதம் சொல்ல இயலாத நோயாளிகளுக்கு மிட்டாய்களைக் கொடுத்துப் பற்களைச் சோதித்தார்கள். செய்திருக்கவே கூடாத கொடுமை அது. அந்த எளியவர்களின் வேதனையிலிருந்து தெரியவந்த உண்மை என்னவெனில், சாப்பாட்டோடு உண்ணும் சர்க்கரையைவிட, வேளைகளுக்கு நடுவே அடிக்கடி உண்ணும் ஒட்டுமிட்டாய்களே பற்களை மிக அதிகமாகச் சொத்தையாக்குகின்றன என்பது. குழந்தையின் கையில் நாள் முழுவதும் மிட்டாய் இருப்பதைக்காட்டிலும், பகல் சாப்பாட்டோடு ஒருமுறை திருப்தியாகக் கொடுத்து வாய் கொப்பளிக்கச் செய்வது மேல்.

வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர் இருந்தால், விசேஷ நாளில் அவரை மட்டும் பந்தியிலிருந்து பிரித்துச் சர்க்கரையில்லா பிஸ்கட்டைக் கொடுத்து உட்கார வைப்பது எனக்குச் சம்மதமில்லை. அந்த பிஸ்கட்டும் மைதா மாவாகையால் வயிற்றுக்குள் சென்று சர்க்கரையாகத்தான் மாறும். அவருடைய வைத்தியரைக் கேட்டுக்கொண்டு, அன்றைய சாதத்தில் ஒரு பகுதியைக் குறைத்து, காய்கறியை மிகுதியாகப் பரிமாறி, கடைசியில் சிறு கிண்ணத்தில் பாயசம் கொடுக்கலாம். மாத்திரையின் அளவை அதற்காகத் தாமாக ஏற்றவோ இறக்கவோ கூடாது. போஜனம் முடிந்ததும் சாய்வு நாற்காலியை நாடாமல், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரையில் கால் மணி நேரம் அவர் நடந்து வருவாராயின், உழைக்கும் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையில் ஒரு பங்கை அப்போதே எடுத்துக்கொள்ளும்.