இழைமணி நோய் ஆய்வும் அதற்குரிய பொருளுதவியும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் மருத்துவ ஆய்வு பற்றிய கட்டுரை எதற்கு என வினவுவோர் இருக்கக்கூடும். ஒரு சொல்லிலிருந்து தொடங்கினால் அவ்வினாவிற்கு ஓரளவு விடை கிட்டும். 1898-ஆம் ஆண்டில் காரல் பெண்டா என்னும் செருமானிய அறிஞர், உயிரணுவுக்குள் நுண்ணோக்கி வழியே தாம் கண்ட நுண்பொருள்களுக்கு 'மைட்டோகாண்டிரியா' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் முதற்பகுதி நூலிழையையும் பிற்பகுதி சிறுமணியையும் குறிக்கும். தமிழில் அதனை 'இழைமணி' என்றனர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இச்சொல் நிலைத்துவிட்டது. தமிழகப் பாடநூல்களோ பெரும்பாலும் அயற்சொல்லையே ஆள்கின்றன. இத்துணை நேராகப் பொருந்திய கலைச்சொல்லை நாம் ஏன் கைவிட்டோம் என்பது தனியே ஆராயத்தக்கது. இக்கட்டுரையில் அதனையே ஆள்வோம்.

நாம் உண்ணும் உணவும் உள்ளிழுக்கும் உயிர்வளியும் இறுதியில் சென்று சேருமிடம் இழைமணியே. அங்குதான் அவை ஏ.டி.பி. என்னும் ஆற்றல் நாணயமாக மாற்றப்பெறுகின்றன. ஒருவர் ஒரு நாளில் ஆக்கிச் செலவழிக்கும் ஏ.டி.பி.யின் நிறை, ஏறத்தாழ அவர்தம் உடல் நிறைக்கு ஈடாகும் எனக் கணக்கிட்டுள்ளனர். இதயம், மூளை, தசை, கண், செவி முதலிய இடைவிடாது உழைக்கும் உறுப்புகளின் உயிரணுக்களில் இழைமணிகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் நிறைந்துள்ளன. முதிர்ந்த சிவப்பணுக்களில் மட்டும் இவை இல்லை.

இவற்றின் மற்றொரு தனித்தன்மை, உயிரணுவின் உட்கருவில் உள்ள மரபுப்பொருளைத் தவிரத் தமக்கெனவும் சிறிதளவு டி.என்.ஏ. வைத்திருப்பதாகும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1981-இல் அதனை முழுதும் படித்து முடித்தனர். 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள், அவ்வளவே. இச்சிறு ஏடு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குச் செல்கிறது. தந்தையின் பங்கு இதில் இல்லை. எனினும் இழைமணியை இயக்கத் தேவைப்படும் ஆயிரத்திற்கு மேற்பட்ட புரதங்களுக்கான குறிப்புகள் உட்கருவிலேயே உள்ளன. அவை தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருபவை. ஆகவே இழைமணி நோய் தாய்வழியாகவும் வரலாம். இருவர் வழியாகவும் வரலாம். இவ்வேறுபாட்டை வாசகர் நினைவில் இருத்துதல் வேண்டும்.

நோயின் இயல்பு

1962-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர் ரோல்ஃப் லுஃப்ட் என்பவரும் அவர்தம் குழுவினரும் ஒரு பெண்மணியின் வரலாற்றை வெளியிட்டனர். அவர் மிகுதியாக உண்டும் மெலிந்தே இருந்தார். குளிர்நாட்டில் வாழ்ந்தும் வியர்வையில் நனைந்தார். தைராய்டுச் சுரப்பியின் மிகையெனக் கருதி ஆராய்ந்தால் அச்சுரப்பியில் குறையேதும் இல்லை. தசையை எடுத்து ஆராய்ந்தபோது இழைமணிகள் எரிபொருளை வீணே எரித்து வெப்பமாக்கி வருவது தெரிந்தது. இழைமணியின் கோளாறே நோயாகும் என்பதற்கு இதுவே முதற்சான்று. பின்னர் 1988-இல் இழைமணி டி.என்.ஏ.யில் உள்ள பிழைகளே சில நோய்களுக்குக் காரணம் என அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே நிறுவப்பட்டது. செருமானியக் கண் மருத்துவர் தியோடர் லேபர் 1871-இல் விவரித்த, இளைஞரைத் திடுமெனப் பார்வையிழக்கச் செய்யும் நோய்க்கு நூற்றுப்பதினேழு ஆண்டுகள் கழித்து இவ்வாறு காரணம் கிட்டியது.

இந்நோய் ஓர் உறுப்போடு நிற்பதன்று. ஒரு குழந்தைக்கு வலிப்பு, மற்றொன்றுக்கு இதயத் தளர்ச்சி, நடுவயதினர் ஒருவருக்கு நீரிழிவும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருதல் என ஒரே பிழை பல உருக் கொள்ளும். நீரிழிவுக்கு ஒரு மருத்துவர், செவிக்கு ஒரு மருத்துவர், வலிப்புக்கு வேறொருவர் எனக் குடும்பம் அலைகிறது. ஒவ்வொருவரும் தம் உறுப்பைச் செவ்வனே நோக்குகின்றனர். உறுப்புகளை இணைக்கும் இழை எவர் கண்ணிலும் படுவதில்லை.

தாய்மார் பொருட்டு ஒன்று சொல்லியாக வேண்டும். ஓர் உயிரணுவில் நல்ல இழைமணி டி.என்.ஏ.யும் பிழையுள்ளதும் கலந்திருக்கக்கூடும். பிழையுள்ளதன் விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினாலன்றி நோய் தோன்றாது. ஆதலின் முழு நலத்தோடு வாழும் பெண்ணின் ஒரு கருமுட்டையில் அவ்விகிதம் குறைந்தும் அடுத்ததில் மிகுந்தும் அமையலாம். முதற்குழந்தை நலமாயிருக்க இரண்டாம் குழந்தை இறக்க நேரும் குடும்பங்களில், தாயின் மீது பழி சுமத்துவது எளிதாகிவிடுகிறது. கருவுற்ற காலத்தில் அவள் உண்டதும் உண்ணாததும் பேசப்படுகின்றன. அவள் செய்ததற்கும் செய்யாததற்கும் இதில் யாதொரு தொடர்பும் இல்லை என்பதை அறிவியல் ஐயமற நிறுவியுள்ளது. இவ்வோர் உண்மைக்காகவே அவ்வாய்வுக்குச் செலவிட்ட பொருள் தகும் என்பது என் கருத்து.

அரிய நோய்க்குப் பொருள் எதற்கு?

எதிர்வாதம் வலுவானது, அதனை மறைத்தல் முறையன்று. காசநோயால் இன்றும் பல்லாயிரவர் இறக்கும் நாட்டில், சிலருக்கு வரும் நோயின் ஆய்வுக்குப் பெரும்பொருள் ஒதுக்குவது அறமாகுமா என்பர்.

சிலர் என்பது எத்துணைப் பேர் என முதலில் நோக்குவோம். ஏறத்தாழ ஐயாயிரம் பேரில் ஒருவரை இழைமணி நோய் பற்றுவதாகப் பொதுவாகக் கணக்கிடுகின்றனர். வடகிழக்கு இங்கிலாந்தில் பல்லாண்டுகள் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட கணக்கு, பெரியவர்களுள் 4,300 பேருக்கு ஒருவர் எனக் காட்டியது. நோய் தோன்றாவிடினும் பிழையைச் சுமப்போர் இருநூறு பேரில் ஒருவர் என 2008-ஆம் ஆண்டின் ஆய்வொன்று கண்டது. தனித்தனியே நோக்கினால் ஒவ்வொரு பிழையும் அரிது. மருந்து வணிகர் ஒதுங்குவதும் அதனாலேயே. ஒன்றுசேர்த்தால் அவ்வளவு அரிதன்று.

அடுத்து, காசநோயையே எடுத்துக்கொள்வோம். அந்நோய்க்கு முதன்முதல் கிடைத்த பெருமருந்து ஸ்ட்ரெப்டோமைசின். அதனை ஊசிவழிப் பெற்றோருள் சிலர் உயிர் பிழைத்துச் செவியிழந்தனர். மிகுந்த அளவு செலுத்தினால் எவர்க்கும் செவி கெடலாம். ஆயின் சிலருக்குச் சிறு அளவிலேயே கெட்டது. சீனாவில் சில குடும்பங்களில் இது தாய்வழியே தொடர்வதை மருத்துவர்கள் கவனித்தனர். 1993-இல் விடை கிட்டியது: இழைமணி டி.என்.ஏ.யின் 1555-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாற்றம்.

இதன் காரணத்தை விளக்கச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். இழைமணி ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த நுண்ணுயிர் என்றும், மற்றோர் உயிரணுவுக்குள் புகுந்து அங்கேயே குடியமர்ந்துவிட்டது என்றும் அமெரிக்கப் பெண் அறிஞர் லின் மார்குலிஸ் 1967-இல் எழுதினார். பல இதழ்கள் மறுத்த பின்னரே அக்கட்டுரை அச்சேறியது. இன்று அக்கருத்து நிலைபெற்றுவிட்டது. ஸ்ட்ரெப்டோமைசின், ஜெண்டாமைசின் போன்றவை நுண்ணுயிரின் புரத ஆலையைத் தாக்கும் மருந்துகள். 1555-ஆம் எழுத்து மாறியோரிடம் இழைமணியின் புரத ஆலை, தன் மூதாதையான நுண்ணுயிரின் ஆலையை இன்னும் நெருங்கி ஒத்துவிடுகிறது. மருந்து பகையெனக் கருதி உறவைத் தாக்குகிறது. உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் மடிகின்றன, மீண்டும் தோன்றுவதில்லை. ஏறத்தாழ ஐந்நூறு ஐரோப்பியருள் ஒருவரிடம் இம்மாற்றம் உள்ளது. பச்சிளங்குழந்தைக்கு நோய்த்தொற்று என்றால் ஜெண்டாமைசினை ஒரு மணி நேரத்திற்குள் தொடங்குதல் நலம். பழைய சோதனையோ பல நாள் கொள்ளும். மான்செஸ்டர் மருத்துவர்கள் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்து 26 நிமிடத்தில் முடிவு கூறும் கருவியொன்றைப் பயன்படுத்திப் பார்த்து, 2022-இல் அதன் வெற்றியை வெளியிட்டனர். மாற்றமுள்ள குழந்தைக்கு வேறு மருந்து தரப்பெறும், செவி காக்கப்பெறும்.

அரிய நோய்க்கெனச் செலவிட்ட பொருள் பொதுநோயின் மருத்துவத்திற்கு வந்து சேர்ந்த வகை இது. 'வால்புரோயேட்' என்னும் வலிப்பு மருந்தும் இத்தகையதே. உலகெங்கும் வழங்கும் நன்மருந்து அது. 'போல்ஜி' என்னும் மரபணுவில் பிழையுள்ள குழந்தைக்கோ கல்லீரலை அழித்து உயிரைப் போக்கவல்லது. முன்னரே சோதித்தறிந்தால் தடுக்கலாம்.

நியூகாசில் காட்டிய வழி

ஆய்வுப் பொருள் எத்துணைப் பொறுமையோடு அளிக்கப்படல் வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் சான்றாகும். தாயின் கருவிலுள்ள உட்கரு மரபுப்பொருளை எடுத்து, நல்ல இழைமணி உடைய மற்றொரு பெண்ணின் கருமுட்டையில் வைத்தால் நோயற்ற குழந்தை பிறக்கக்கூடும் என்று டக் டர்ன்புல் என்னும் நரம்பியல் மருத்துவரும் அவர்தம் தோழர்களும் எண்ணினர். மனிதக் கருவில் இதனை ஆராய 2005-இல் உரிமம் கிட்டியது. 2010-இல் முதல் முடிவு வெளியாயிற்று. 2015 பிப்ரவரி 3-ஆம் நாள் பொதுமக்கள் அவையில் 382 பேர் ஏற்றும் 128 பேர் மறுத்தும் வாக்களிக்க, உலகிலேயே முதன்முறையாக இதற்கெனச் சட்ட ஒப்புதல் பிறந்தது. 2025 ஜூலையில் எட்டுக் குழந்தைகள் பிறந்துள்ள செய்தியை அம்மருத்துவர்கள் அறிவித்தனர். முதல் உரிமத்திலிருந்து எண்ணினால் இருபது ஆண்டுகள். எட்டில் சிலரிடம் தாயின் பிழையுள்ள இழைமணி சிறிதளவு காணப்பட்டதையும், அவர்களைத் தொடர்ந்து கண்காணித்தல் வேண்டும் என்பதையும் மறைக்காமல் கூறினர்.

செய்தித்தாள்கள் இதனை 'மூன்று பெற்றோர் குழந்தை' எனத் தலைப்பிட்டு மகிழ்ந்தன. ஏறத்தாழ இருபதாயிரம் மரபணுக்களுள் முப்பத்தேழு பிறரிடமிருந்து வந்தமைக்கு அப்பெயர் பொருந்துமா என்பதை வாசகரே எண்ணிக்கொள்ளட்டும். வழிமரபு பற்றி எழும் மார்க்க, சட்ட வினாக்கள் மெய்யானவை. அவற்றிற்கு விடையளிக்கத் தகுதியுடையோர் வேறு. ஏற்கெனவே நோயுற்று வாழ்வோர்க்கு இம்முறையால் பயனில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவுக்கும் பொருள் தந்தவர் யார்? அரசு நிதி உண்டு. ஹென்றி வெல்கம் என்னும் மருந்து வணிகர் 1936-இல் இறக்கும்போது உயில்வழித் தோற்றுவித்த அறக்கட்டளையின் நிதி பெரும்பங்கு. எட்டு மாதக் குழந்தையை இந்நோய்க்கு இழந்த பெற்றோர், அக்குழந்தையின் பெயராலேயே 2007-இல் தொடங்கிய லில்லி அறக்கட்டளை திரட்டிய பொருளும் இந்நோயாய்வுக்குச் சென்றது. கல்விக்கென நிலத்தையும் கடையையும் எழுதிவைத்தோர் மரபில் வளர்ந்த நமக்கு இம்முறை புதிதன்று. நாம் கட்டடத்திற்குத் தருகிறோம், உதவித்தொகைக்குத் தருகிறோம். ஆய்வுக்குத் தருவது மட்டும் இன்னும் பழக்கமாகவில்லை.

மருந்துகளும் வரத் தொடங்கியுள்ளன. உட்கருவிலுள்ள 'டி.கே.2' மரபணுவின் பிழையால் தசை தளர்ந்து மூச்சும் அடங்கும் குழந்தைகளுக்கென, டி.என்.ஏ.யின் கட்டுமானப் பொருள்களையே மருந்தாக ஊட்டும் முறையை அமெரிக்க அரசு 2025-இல் ஏற்றது. இழைமணி டி.என்.ஏ.யின் எழுத்தைத் திருத்தும் கருவியொன்று, நுண்ணுயிரின் நஞ்சிலிருந்து உருவாக்கப்பட்டு, 2020-இல் அறிவிக்கப்பெற்றது. அது இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.

நம் நிலை

தென்னாட்டில் இவ்வாய்வுக்குத் தனித் தேவை உண்டு. உட்கரு மரபணுப் பிழை, தாய் தந்தை இருவரும் அதனைச் சுமந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பாக நோயாகும். அத்தை மகன், மாமன் மகள் போன்ற நெருங்கிய உறவினர் மணத்தில் இருவரும் ஒரே பிழையைச் சுமக்கும் வாய்ப்பு மிகுதி. இவ்வழக்கம் இங்கு எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. உறவுமணம் கூடாதென்று சொல்வது என் நோக்கமன்று. மணம் பேசுவதற்கு முன் இரு குடும்பங்களிலும் விளங்காக் காரணத்தால் இறந்த குழந்தைகள் உண்டா எனப் பெரியவர்கள் கேட்பதும், உண்டெனில் மரபியல் மருத்துவரை நாடுவதும் நலம்.

ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் பெங்களூரின் நிமான்ஸ் நிறுவனமும் இந்திய நோயாளரின் இழைமணி மரபுப்பொருளை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளன. இந்திய அரசு 2021-இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வகுத்தது; 2022-இல் சிகிச்சை உதவியை ஐம்பது இலட்சம் ரூபாய் வரை உயர்த்தியது. பாராட்டத்தக்க செயலே. ஆயின் அது சிகிச்சைக்கான பொருள். இழைமணி நோய்களுள் மிகப் பலவற்றிற்கு நோயின் போக்கை மாற்றும் மருந்தே இன்னும் இல்லை. நோயாளர் பதிவேடு, மாவட்ட மருத்துவமனையிலிருந்து மாதிரிகளை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பும் ஏற்பாடு, மரபியல் அறிவுரையாளர் பயிற்சி, இளம் ஆய்வாளர் சிலருக்குப் பத்தாண்டு உறுதியான ஊதியம் ஆகியவற்றிற்கு முதலில் பொருள் வேண்டும். அவற்றுள் அறிவுரையாளர் பயிற்சிக்கு ஆகும் செலவு ஓர் ஊரின் அறக்கட்டளையே ஏற்கக்கூடிய அளவினதுதான். தமிழில் நோயின் இயல்பை எடுத்துச் சொல்லத் தெரிந்த, உயிரியல் பயின்ற மாணவ மாணவியர் நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளியேறுகின்றனர்.