வெள்ளம் வடிந்த பிறகு தொடங்கும் அலைச்சல்

மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 5 அன்று ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. அதற்குள் சென்னை அடிவாங்கி முடித்திருந்தது. புளியந்தோப்பு, பட்டாளம் தெருக்களில் சாக்கடை கலந்த வெள்ளம் நாள்கணக்கில் நின்றது. தரைத்தள வீடுகளில் மெத்தையும் பீரோவும் தையல் மெஷினும் ஊறிப்போயின. வாசலில் நின்ற ஆட்டோ மூழ்கியபோது அந்த வீட்டின் வருமானமும் சேர்ந்தே மூழ்கியது.

தமிழக அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் அறிவித்து, ரேஷன் கடைகள் வழியே ரொக்கமாகக் கொடுத்தது. சேதமடைந்த குடிசைக்கு 8,000 ரூபாய். இதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. குடியிருப்பது ஒரு தெரு, ரேஷன் கார்டில் இருப்பது வேறு முகவரி என்று வாழும் வாடகைக் குடும்பங்கள் வடசென்னையில் ஏராளம். கார்டு இல்லாதவர்களும் கடையிலேயே விண்ணப்பிக்கலாம் என்று அரசு அப்போது வழி வைத்திருந்தது. ஆகவே, 'பட்டியலில் பெயர் இல்லை' என்ற பதிலோடு யாரும் திரும்பிவிடக் கூடாது. மனுவை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். மனு என்ன ஆனது என்று தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

தண்ணீர் நிற்கும்போதே தேதி தெரியும்படி படம் எடுப்பது மிக அவசியம். மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிகளில், இரண்டு நாளுக்கு மேல் வெள்ளத்தில் மூழ்கிய வீடுகளுக்குத் துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500 ரூபாய் என்று தனியே இருக்கிறது. எத்தனை நாள் நின்றது என்பதற்குப் படம்தான் சாட்சி. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காமல் முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் பழுதானது என்று கிளெய்மை மறுக்க அது காரணமாகிவிடும்.

வடசென்னையின் மீனவப் பகுதியான எண்ணூரின் துயரம் இன்னும் கனமானது. அதே வெள்ளத்தில் மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் படர்ந்தது. படகும் வலையும் எண்ணெய் படிந்து கறுத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் என்று 8.68 கோடி ரூபாயை அரசு அறிவித்தது.

அது உடனடி உதவி மட்டுமே. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-வது பிரிவு, மாசால் பாதிக்கப்பட்டவர் தன் இழப்புக்கு ஈடு கேட்க ஐந்து ஆண்டு அவகாசம் தருகிறது. எண்ணூர்க் கசிவுக்கு அந்தக் கணக்கு 2028 டிசம்பர் வரை வரும். நிறுவனம் அலட்சியமாக இருந்ததென்று மீனவர் நிரூபிக்கத் தேவையில்லை. 17-வது பிரிவு அந்தச் சுமையை நீக்கிவிடுகிறது. எத்தனை நாள் கடலுக்குப் போகவில்லை, எந்த வலை போனது, மருத்துவச் செலவு எவ்வளவு என்ற விவரங்களை இப்போதே சேர்த்துவைப்பது நல்லது.

பேரிடருக்குப் பின் வேறிடத்தில் வீடு தருவதாக அரசு சொல்லும்போது கூடுதல் கவனம் தேவை. சுனாமிக்குப் பின் 2005 மார்ச்சில் வந்த அரசாணை 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் இடம்பெயர்ந்தால் புதுவீடு உண்டு என்றது. இடம்பெயராதவர்கள் தாங்களே பழுதுபார்க்கலாம், ஆனால் அரசு உதவி கிடையாது. தொழில் கடலோரத்தில், உதவி வேறிடத்தில் என்றால் அது சுதந்திரமான தேர்வு ஆகாது. இத்தகைய ஆணையின் நகலைப் படித்துக்காட்டச் சொல்லாமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்ற தயக்கத்துக்கும் சட்டத்தில் விடை உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, வெள்ளம், தொழிற்சாலை விபத்து உள்ளிட்ட பேரிடர்களில் பாதிக்கப்பட்டவருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. அதற்கான உதவி எண் 15100.