பூனைக்குட்டி வீட்டுக்கு வருதா? முதல் பத்து நாள் கவனம்!



நம்ம கடற்கரைப் பக்கம் எலித் தொல்லை இல்லாத வீடு உண்டா? கருவாட்டுக் கூடை, ரேஷன் அரிசி, வலை எதுவும் தப்பாது. விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது சுருட்டி வைத்த வலையை ஜூனில் விரித்தால் எங்கள் வீட்டில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. குழுவில் கடன் வாங்கி எடுத்த வலை. ஐந்து தவணை பாக்கி. "ஒரு பூனை வளர்த்திருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?" என்றார் மாமியார்.

மறுநாளே மதினி வீட்டிலிருந்து ஒரு குட்டியைச் சாக்கில் போட்டுக் கொண்டு வந்து முற்றத்தில் விட்டேன். கிண்ணம் நிறையப் பால் வைத்தேன். குட்டிக்கு வயிறு போனது. இரவோடு இரவாக ஓடியும் போனது. தப்பு என்னுடையதுதான். அடுத்த குட்டி எடுக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொண்டேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

எந்த வயதில் எடுக்கலாம்?

பிறந்து 8 வாரமாவது தாயிடம் இருக்க வேண்டும். அதற்குள் தானாகத் தின்னப் பழகும். தாயைப் பார்த்து வேட்டையும் பழகும். கொண்டு வரும்போது தாயோடு படுத்திருந்த பழைய துணியையும் கேட்டு வாங்குங்கள். அந்த வாசனை இருந்தால் பயம் குறையும். சாக்கு வேண்டாம். மூடி போட்ட கூடை போதும்.

முதல் பத்து நாள்

பூனை ஆளைவிட இடத்தைத்தான் முதலில் பழகும். அதனால் ஒரே அறையிலோ தட்டி அடைத்த மூலையிலோ வையுங்கள். இரண்டு மூன்று நாள் பெட்டிக்கு அடியில் ஒளியும். பிடித்து இழுக்காதீர்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். அது தானாக வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலே போதும். பழைய தட்டில் மணல் நிரப்பி வைத்தால் அங்கேயே மலம் கழிக்கும். பூனையின் மூதாதை வறண்ட நாட்டுக் காட்டுப்பூனை; மணலைத் தோண்டி மூடுவது அதன் பிறவிப் பழக்கம்.

வீட்டில் ஏற்கெனவே பூனையோ நாயோ இருந்தால் உடனே முகத்துக்கு முகம் விடக்கூடாது. ஒன்றின் துணியை மற்றொன்றின் இடத்தில் போட்டு வாசனை பழக்குங்கள். பிறகு கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சாப்பாடு வையுங்கள்.

என்ன கொடுப்பது?

பூனைக்குப் பால்தான் சாப்பாடு என்று நினைக்கிறோம். பல பூனைகளுக்கு மாட்டுப்பால் செரிக்காது. சாளையோ வேறு சிறு மீனோ உப்பு, மிளகாய் இல்லாமல் வேக வைத்து, முள் எடுத்துக் கொடுங்கள். சில மீன்களைப் பச்சையாகவே தினமும் தின்றால் தயாமின் என்ற சத்து அழிந்து நரம்பு பாதிக்கும்; வேக வைத்தால் அந்தக் கெடுதல் இல்லை. கருவாட்டில் உப்பு அதிகம், வேண்டாம். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே கொன்றுவிடும்.

பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்பதும் தவறு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். ஆனால் எலி விஷமும் பூனையும் ஒரே வீட்டில் கூடாது. விஷம் தின்ற எலியைத் தின்றால் பூனையும் சாகும்.

நம் உயிருக்கும் பாதுகாப்பு

வெறிநோய் நாயால் மட்டுமல்ல, பூனையாலும் வரும். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் திரும்பப் போட வேண்டும். பூனை கடித்தாலோ, ரத்தம் வரக் கீறினாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் தடவாதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். என் சின்ன மகளைக் கீறியபோது "குட்டிதானே" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் கேட்கவில்லை; சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட்டேன். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற முடியாது, ஞாபகம் வையுங்கள்.

கர்ப்பிணிகள் பூனை மலத்தை அள்ள வேண்டாம். அதிலுள்ள ஒரு கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால் வீட்டில் வேறொருவர் தினமும் மணலைச் சுத்தம் செய்தால் ஆபத்து குறையும்.

பெண் குட்டி 4, 5 மாதத்திலேயே சினைப்படலாம். இரண்டு மாதத்தில் குட்டி போடும். அதற்குமுன் கருத்தடை செய்யுங்கள். வேண்டாத குட்டிகளை ஏலக்கூடத்தில் விட்டுவிட்டு வருவது பாவம்.

பூனை மட்டும் போதுமா?

போதாது. பெருச்சாளியைக் கண்டால் பல பூனைகள் ஒதுங்கிப் போகும். அரிசியை மூடிய டப்பாவில் வையுங்கள். வலையைத் தரையில் போடாமல் உயரத்தில் தொங்க விடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. ஊரெல்லாம் தண்ணீர் நின்றதை மறக்க முடியுமா? எலி சிறுநீர் கலந்த அப்படிப்பட்ட தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம்.

சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுக்கு முந்தைய ஒரு புதைகுழியில் மனிதர் பக்கத்தில் ஒரு பூனையும் இருந்தது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. படகில்தான் கொண்டு போயிருக்க வேண்டும். அவ்வளவு பழைய உறவு இது. குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்று விரட்டலாமா?

அடுத்த குழுக் கூட்டத்தில் யார் யார் வீட்டில் பூனை இருக்கிறது என்று கணக்கெடுங்கள். எல்லோரும் ஒரே நாளில் கால்நடை மருந்தகம் போய்த் தடுப்பூசி போட்டு வாருங்கள். எங்கள் குழுவில் ஏழு பூனைக்கு அப்படித்தான் போட்டோம். எங்கள் வீட்டு இரண்டாவது குட்டி இப்போது வலை மேலேயே படுத்துத் தூங்குகிறது. தவணையும் முடிந்தது.